ஒரு மெட்டு வந்த வழி



கேமரன் மலையில் தானா ராத்தாவையும் பிரிஞ்சாங்கையும் கடந்து, கம்போங் ராஜாவை நோக்கிப் போகும் சாலையில் திரிங்காப் என்னும் சிற்றூர் வருகிறது. சாலையோரம் எங்கும் பிளாஸ்டிக் கூரைகளின் கீழ்த் தக்காளியும் முட்டைக்கோசும். அவற்றுக்கு மேலே, எட்டிப் பார்த்தால், தேயிலை மலைகள். அங்கே ஒரு நண்பர் வீட்டில் சில நாள் தங்கியிருந்தேன். அவருடைய மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறான். நல்ல குரல். பள்ளியில் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நாட்டுப் பண்ணை எடுத்துக் கொடுத்துப் பாடுகிறவன் அவன்தான்.

அந்தப் பையன் ஒரு மாலையில் என்னருகே வந்து உட்கார்ந்து, சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டான்: "சார், நம்ப நெகாராகூ வேற நாட்டுப் பாட்டப் பாத்து காப்பி அடிச்சதுன்னு சொல்றாங்களே, நெசமா?"

யார் சொன்னார்கள் என்று கேட்டேன். கைத்தொலைபேசியில் யாரோ அனுப்பியதாம். பழைய பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினான். நிலவு, கித்தார், கொஞ்சும் குரல். மெட்டு மட்டும் அப்படியே நம்முடைய நாட்டுப் பண்தான். பையனின் முகத்தில் ஓர் அவமானம் தெரிந்தது. "அடுத்த வாரம் வேற யாராச்சும் எடுத்துக் குடுக்கட்டும் சார்" என்றான்.

ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். இரண்டும் பொய்யாக இருந்திருக்கும். ஆகவே அவனுக்கு அன்றிரவு சொன்னதையே சற்று விரிவாக உங்களுக்கும் சொல்லுகிறேன்.

ஆற்றின் மூலத்தைத் தேடிப் போகிறவன் முகத்துவாரத்தில் தொடங்கி மேலே ஏறுகிறான். மெட்டின் மூலத்தைத் தேடுவதற்கும் அதுவே நல்ல வழி. நமக்கு நன்றாகத் தெரிந்த இடத்திலிருந்து தொடங்குவோம். அந்த இடம் 1957.

மலாயா விடுதலை பெறப்போகிறது, கொடி இருக்கிறது, பாட்டு இல்லை. உலகெங்கும் இருந்து பாடல்களை வரவேற்று ஒரு போட்டி வைத்தார்கள். 514 பாடல்கள் வந்தன. ஒன்றும் தேறவில்லை. பிறகு பெயர்பெற்ற இசையமைப்பாளர்களிடம் கேட்டார்கள். பெஞ்சமின் பிரிட்டன், வில்லியம் வால்ட்டன், ஜான் கார்லோ மெனோட்டி, பின்னாளில் சிங்கப்பூரின் நாட்டுப் பண்ணை இயற்றிய சுபிர் சைட் ஆகியோர் அவர்கள். அவர்கள் தந்தவையும் ஏற்கப்படவில்லை. பெரிய வித்துவான்களின் சரக்கெல்லாம் தள்ளுபடியான பிறகு, துங்கு அப்துல் ரஹ்மானும் தேர்வுக் குழுவினரும் வீட்டுக்குள்ளேயே தேடிப் பார்த்தார்கள். மாநிலங்களின் பண்களை வரிசையாகக் கேட்டார்கள். பேராக் மாநிலப் பண் மனத்தில் நின்றது. 1957 ஆகஸ்டு 5-ஆம் நாள் அதன் மெட்டு தேர்ந்தெடுக்கப்பட்டது. அதற்குப் புதிய சொற்கள் எழுதப்பட்டன. பாடலாசிரியராக சைஃபுல் பஹ்ரியின் பெயர் குறிக்கப்படுகிறது. ஆகஸ்டு 31-ஆம் நாள் அது நாட்டின் பண்ணாக ஒலித்தது. இன்றும் பேராக் மாநிலப் பண்ணுக்கும் நாட்டுப் பண்ணுக்கும் மெட்டு ஒன்றே, சொற்கள்தாம் வேறு.

எனவே மெட்டு புதிதாகச் செய்யப்பட்டதன்று, ஏற்கெனவே இருந்தது என்பதை யாரும் மறைக்கவில்லை. 'காப்பி' என்னும் சொல்லின் முதல் பாதி இங்கேயே கழன்று விழுந்துவிடுகிறது. திருட்டு என்றால் மறைவு வேண்டும் அல்லவா?

இனிச் சற்று மேலே ஏறுவோம். 1947-ல் இலண்டனில் ஓர் இசைக்குழு இதே மெட்டை 'மாமுலா மூன்' என்ற பெயரில் இசைத்தட்டாக வெளியிட்டது. குழுவின் தலைவர் பெயர் ஃபீலிக்ஸ் மெண்டல்சன். புகழ்பெற்ற ஜெர்மன் இசைமேதையின் பெயர் அது. ஆனால் ஆள் வேறு. இவர் ஹவாய்த் தீவுக் கித்தார் இசையை ஆங்கிலேயர்க்கு விற்றவர். மலாய் நாட்டு நிலவு, ஹவாய் உடுப்பில், இலண்டன் நடன அரங்குக்குப் போன விசித்திரத்தை எண்ணிப் பாருங்கள். கேட்டவர்களில் எத்தனை பேர் அது ஒரு மாநிலத்தின் அரச பண் என்று அறிந்திருப்பார்கள்?

இன்னும் பத்தாண்டு மேலே போனால் 1937. அப்போது டச்சுக்காரர் ஆட்சியிலிருந்த இந்தோனேசியாவில் 'தெராங் பூலான்' என்றொரு பேசும்படம் வந்தது. 'ஒளி நிலவு' என்று பொருள். இயக்கியவர் ஆல்பர்ட் பாலிங்க். நடித்தவர்கள் ருக்கியாவும் ராடென் மொக்தாரும். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் படம் நன்றாக ஓடியது. அதன் பிரதி ஒன்றுகூட இன்று கிடைப்பதில்லை. பாட்டு மட்டும் தப்பிப் பிழைத்திருக்கிறது.

பையன் போட்டுக் காட்டியது அந்தப் பாட்டின் ஒரு வடிவந்தான். அதன் சொற்களைக் கொஞ்சம் பார்க்கவேண்டும். முதலில் ஒரு காட்சி: ஆற்றில் நிலவொளி, மேலே மிதந்து வரும் முதலை, செத்தது என்று நினைத்துவிடும் மனிதர். அடுத்து ஓர் எச்சரிக்கை: ஆண்பிள்ளை வாயை நம்பாதே, சத்தியம் செய்வான், சாக மட்டும் அஞ்சுவான். இதுதான் மலாய் பந்துன் கவிதையின் அமைப்பு. முன்பாதி வெறும் காட்சி போல இருக்கும்; பின்பாதி வரும்போது அதன் குறிப்பு விளங்கும். சங்க இலக்கியம் பயின்ற நேயர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில், தன் குஞ்சையே தின்னும் முதலை வாழும் ஊரைச் சொல்லி, அவ்வூர்த் தலைவனின் அன்பின்மையைத் தலைவி உள்ளுறையாகக் குத்திக் காட்டுகிறாள். அங்கும் முதலை, இங்கும் முதலை. இதனால் ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்லிவிடாதீர்கள். முதலை உள்ள ஆறும், வாக்கு மாறும் ஆணும் எல்லா நாட்டிலும் உண்டு.

இதை வேண்டுமென்றே இங்கே சொன்னேன். மெட்டைத் தேடுகிறவர் அதிகம் வழுக்கி விழும் இடம் இதுதான். இரண்டு பாட்டுகள் ஒன்றுபோலக் கேட்கின்றன. உடனே உறவு கொண்டாடிவிடுகிறோம். இருப்பவை ஏழே சுரங்கள். அதிலும் தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் மூன்று நான்கு சுரங்களுக்குள் அடங்கிவிடுபவை. உலகத்தில் எங்கோ இரண்டு தாய்மார் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே மெட்டில் பிள்ளையைத் தூங்க வைத்திருக்கக்கூடும். ஆகவே காது மட்டும் போதாது. மெட்டு தானாக நடந்து வராது. யாராவது ஓர் ஆள் அதைச் சுமந்துகொண்டு வந்திருக்கவேண்டும். அந்த ஆள் யார், எந்தக் கப்பலில் வந்தார், எங்கே தங்கினார் என்று காட்ட முடிந்தால்தான் உறவு உறுதிப்படும்.

நெகாராகூவின் மெட்டு நீளமானது. மேலைநாட்டார் மேஜர் என்றும், நாம் சங்கராபரணம் என்றும் சொல்லும் சுர வரிசையில் அமைந்தது. வரிக்கு வரி அது ஏறுகிற ஏற்றமும் இறங்கி நிற்கும் இடமும் 'தெராங் பூலானி'லும் அப்படியே இருக்கின்றன. இது தற்செயலாக நேரக்கூடிய ஒற்றுமை அன்று. ஒரே மெட்டுத்தான். சுமந்தவர்கள் யார்?

அண்மையில் சுமந்தவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. கூத்துக்காரர்கள். மலாய் பங்சாவான் நாடகம் என்று முதியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1870-களில் பம்பாயிலிருந்து பினாங்குக்கு வந்த பார்சி நாடகக் குழுக்களைப் பார்த்துப் பிறந்த கலை அது. 1885-ல் பினாங்கில் மாமாக் பூசி என்பவர் அமைத்த குழுவை முதல் பங்சாவான் குழு என்பர். அதே பார்சி நாடகந்தான் தமிழ்நாட்டு மேடைக்கும் போய், சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் 'பார்சி மெட்டு' என்று நுழைந்தது. ஒரே விதையிலிருந்து இங்கே ஒரு செடி, அங்கே ஒரு செடி. பங்சாவான் குழுவினர் ஊர் ஊராக, தீவு தீவாகப் போனார்கள். காட்சிக்குக் காட்சி இடையில் பாட வேண்டும். எந்த மெட்டு கிடைத்தாலும் எடுத்துக்கொள்வார்கள். அரசவையில் ஒலித்த மெட்டு ஒன்று காதல் பாட்டாகக் கரைந்து மக்களிடம் சேர்ந்தது இவர்கள் வழியாகத்தான்.

இந்தோனேசியாவில் அதற்குக் 'குரோன்சோங்' என்னும் உடுப்புத் தைக்கப்பட்டது. சிறிய கித்தாரின் கிணுகிணு ஓசையோடு, அவசரமில்லாமல் இழைந்து போகும் இசை. படேவியா நகருக்கு அருகில் துகு என்னும் ஊரில் குடியிருந்த போர்த்துகீசு மொழி பேசிய மக்களிடையே வளர்ந்தது. அவர்களின் முன்னோரில் வங்கத்திலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களும் உண்டு. அது தனியாக ஒரு நாள் பேசவேண்டிய கதை.

இப்போது பேராக்குக்கு வருவோம். சுல்தான் இட்ரிஸ் 1887 முதல் 1916 வரை ஆண்டவர். இலண்டனில் ஏழாம் எட்வர்டு மன்னரின் முடிசூட்டு விழா 1902-ல் நடந்தது. அதற்காகச் சுல்தான் இங்கிலாந்து போனபோது, கப்பல் கரைசேரும் முன் அதிகாரிகள் கேட்டார்களாம்: தங்கள் நாட்டுப் பண் எது? சுல்தான் இறங்கும்போது வாசிக்கவேண்டும். அப்படி ஒன்று பேராக்குக்கு அதுவரை இல்லை. இல்லை என்று சொல்வது தம் மன்னருக்குக் குறைவு என்று உடனிருந்த உதவியாளருக்குத் தோன்றியது. பண் இருக்கிறது, குறிப்பு எழுதிய தாள்தான் ஊரில் தங்கிவிட்டது என்று சமாளித்து, தமக்குத் தெரிந்த ஒரு மெட்டை முணுமுணுத்துக் காட்டினார். பேண்டு வாத்தியத் தலைவர் அதைக் குறித்துக்கொண்டார். சுல்தான் கரையிறங்கியபோது மெட்டு முழங்கியது. உதவியாளர் எழுந்து விறைப்பாக நிற்கும்படி சைகை செய்தாராம்.

அரசுப் பணியில் இருந்து மலாய்ப் பண்பாட்டை ஆராய்ந்த முபின் ஷெப்பர்ட் தம் நினைவுக் குறிப்புகளில் இதைப் பதிவு செய்திருக்கிறார். இந்தக் கதைக்கு வேறு வடிவங்களும் உண்டு. ஆண்டும் ஆளும் மாறுகின்றன. அரசர்களைப் பற்றிய கதைகள் சொல்லச் சொல்ல மெருகேறும். தாள் ஊரில் தங்கிவிட்டது என்ற பகுதியை நான் அளவோடுதான் நம்புகிறேன். ஆனால் எல்லா வடிவங்களும் ஒரு செய்தியில் ஒத்துப்போகின்றன. அந்த மெட்டு சீஷெல்ஸ் தீவில் கேட்டுப் பழகியது என்பதே அது.

சீஷெல்ஸ் எங்கே, பேராக் எங்கே? இந்தியப் பெருங்கடலின் மேற்கு மூலையில், ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால் இருக்கும் தீவுக் கூட்டம் அது. பேராக் அரச குடும்பத்தார் அங்கே போனது உல்லாசப் பயணம் அன்று. 1875 நவம்பர் 2-ஆம் நாள் பாசிர் சாலாக்கில் ஆங்கிலேய ரெசிடெண்ட் பெர்ச் கொல்லப்பட்டார். மகாராஜா லேலா தூக்கிலிடப்பட்டார். சுல்தான் அப்துல்லா இதற்கு உடந்தை என்று கூறி, 1877-ல் ஆங்கிலேயர் அவரைச் சீஷெல்ஸ் தீவுக்கு நாடு கடத்தினர். குடும்பத்தாரும், லாருட் மந்திரி ஙா இப்ராகிம் போன்ற தலைவர்களும் உடன் போனார்கள். கோலாலம்பூரில் ராஜா சூலான் சாலையில் நடந்திருப்பீர்களே. அந்த ராஜா சூலான் இந்த அப்துல்லாவின் மகன்களில் ஒருவர்.

சீஷெல்ஸ் அப்போது ஆங்கிலேயர் கொடியின் கீழ் இருந்தாலும் அதன் பேச்சும் பாட்டும் பிரெஞ்சு. 1770-ல் பிரெஞ்சுக்காரர்தாம் அங்கே முதலில் குடியேறினர். அந்த முதல் குடியேற்றத்தில் 'மலபாரிகள்' என்று குறிக்கப்பட்ட இந்தியர் ஐந்து பேரும் இருந்தனர். நம்மவர் கால் படாத தீவு எது? மாஹே என்னும் பெரிய தீவில் பேண்டு வாத்தியம் வாசிப்பார்கள். நாடிழந்த மன்னரும் பிள்ளைகளும் அதைக் கேட்டார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போன ஒரு மெட்டின் பெயர் 'லா ரொசாலி'. இதுவே பேராக்கின் பண்ணாயிற்று என்பதுதான் வழங்கும் வரலாறு. அந்த மெட்டை அமைத்தவர் பியேர்-ழான் தெ பெராஞ்சே என்னும் பிரெஞ்சுக்காரர் என்று பல நூல்கள் எழுதுகின்றன.

இங்கேதான் நாம் சற்று நின்று, ஒரு தமிழனுக்கு உரிய கேள்வியைக் கேட்கவேண்டும். பெராஞ்சே 1780-ல் பாரிசில் பிறந்து 1857-ல் மறைந்தவர். ஏழைமக்களின் கவிஞர். அரசரைக் கிண்டல் செய்து பாடியதற்காக 1821-லும் 1828-லும் சிறை போனவர். ஆனால் அவர் இசையமைப்பாளர் அல்லர். சொற்களை எழுதியவர், மெட்டோ ஊரெல்லாம் ஏற்கெனவே பாடிக்கொண்டிருந்தது. பாட்டின் தலைப்பில் 'இன்ன பாட்டின் மெட்டு' என்று குறித்துவிடுவார். அதற்கென்றே பழைய மெட்டுகளை எண்ணிட்டுத் தொகுத்த புத்தகம்கூட 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிசில் அச்சாகியிருந்தது. ஆகவே பெராஞ்சேயின் பெயர் ஒரு பாட்டோடு ஒட்டியிருந்தால், சொல் அவருடையது என்று கொள்ளலாம். மெட்டும் அவருடையது என்று கொள்ள அது சான்றாகாது. அவருக்கும் முன்னே யாரோ ஒரு தையற்காரன், யாரோ ஒரு சிப்பாய், யாரோ ஒரு வேலைக்காரப் பெண் பாடியதாக இருக்கலாம்.

இந்த வழக்கம் மேலைநாட்டாருக்கு இன்று விளங்குவதைவிட நமக்கு எளிதாக விளங்கும். பழைய தமிழ்ப் பாட்டுப் புத்தகம் எதையாவது எடுத்துப் பாருங்கள். பாட்டின் மேலே சிறிய எழுத்தில் 'என்ற வர்ணமெட்டு' என்று இருக்கும். நாடகப் பாட்டு, பஜனைப் பாட்டு, தேர்தல் பாட்டு, சாராயத்தைக் கண்டிக்கும் பாட்டு, கிறித்தவக் கீர்த்தனை, கோயில் திருவிழாப் பாட்டு, எல்லாவற்றிலும் இருக்கும். எழுதியவர் வெட்கப்படவில்லை. எந்த மெட்டில் பாடவேண்டும் என்று பாடுகிறவனுக்குச் சொல்ல வேண்டாமா?

பாரதியாரையே எடுத்துக்கொள்வோம். பாரத நாட்டின் கொடியைப் புகழ்ந்து அவர் பாடிய 'தாயின் மணிக்கொடி' பாட்டுக்குத் தாயுமானவரின் ஆனந்தக் களிப்புச் சந்தம் என்று குறிப்பு உண்டு. தாயுமானவர் 18-ஆம் நூற்றாண்டுத் துறவி. ஆண்டி ஒருவன் பத்து மாதம் குயவனிடம் வேண்டிப் பெற்ற தோண்டியைக் கூத்தாடி உடைத்துவிட்டதாகக் கடுவெளிச் சித்தர் பாடியதும் அதே ஆனந்தக் களிப்பு அமைப்பில்தான். துறவியின் மெட்டு தேசக் கொடிக்கு ஏற்றதாயிற்று. உலகைத் துறந்தவனின் மெட்டில் நாட்டைக் கட்டிப் பிடிக்கும் பாட்டு! பாரதியைத் திருடன் என்று யார் சொல்லுவார்?

எதிர்த்திசையிலும் ஒன்று சொல்லுகிறேன். முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர் பேண்டு இசையைக் கேட்டார். அந்த மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்கள் இட்டுச் சங்கராபரணத்தில் பாடினார். 'நோட்டுசுரம்' என்று அவற்றைக் குழந்தைகளுக்கு இன்றும் சொல்லிக் கொடுக்கிறார்கள். அவற்றுள் 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு வேறொன்றும் இல்லை. ஆங்கிலேயரின் நாட்டுப் பண்தான். ஆள்கிறவனின் அரச வாழ்த்தை எடுத்துத் தெய்வத்துக்குச் சூட்டிவிட்டார் தீட்சிதர். அந்த ஆங்கிலப் பண்ணும் 1745-ல் இலண்டன் நாடக மேடையில் பாடப்பட்டுப் பரவியதே; மெட்டை ஆக்கியவர் பெயரை உறுதியாகச் சொல்வாரில்லை. அதே மெட்டில் லீக்டன்ஸ்டைன் நாடு இன்றும் தன் பண்ணைப் பாடுகிறது. 1961 வரை சுவிட்சர்லாந்தும் பாடியது. இங்கிலாந்தும் லீக்டன்ஸ்டைனும் பந்தாட்டத்தில் மோதும்போது ஒரே மெட்டு இருமுறை ஒலிக்கும், யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

நம் வட்டாரத்தில்தான் கோபம் வந்தது. 2007-ல் 'ராசா சாயாங்' பாட்டு யாருடையது என்று மலேசியாவுக்கும் இந்தோனேசியாவுக்கும் இடையே வாக்குவாதம். 2009-ல் 'தெராங் பூலான்' பற்றிப் பேச்சு எழுந்தது. நெகாராகூ எங்கள் பாட்டிலிருந்து எடுத்தது என்றார்கள் அங்கே. நாம் இதுவரை ஏறி வந்த வழியைத் திருப்பிப் பாருங்கள். பேராக் அரச பண் 20-ஆம் நூற்றாண்டின் வாசலிலேயே நிற்கிறது. படம் வந்தது 1937-ல். கிடைக்கும் செய்திகளை வரிசைப்படுத்தினால் அரச பண்தான் முதலில் தென்படுகிறது. நிலவுப் பாட்டு பின்னால். இது நமக்குச் சாதகமான முடிவு என்பதால் நான் மகிழவில்லை. ஏனென்றால் இன்னும் இரண்டு படி மேலே ஏறினால் இருவருக்கும் அது சொந்தமில்லை. சீஷெல்ஸ்காரன் வந்து நிற்கிறான். அவனுக்கு மேலே பிரெஞ்சுக்காரன்.

மெட்டு ஒன்றாக இருக்கையில் ஒன்று காதல் பாட்டாகவும் ஒன்று நாட்டுப் பண்ணாகவும் எப்படித் தோன்றுகிறது? காலப்பிரமாணந்தான் காரணம். குரோன்சோங்கில் பாடகர் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் தங்கி, சுரத்தை இழுத்து, குழைத்து விடுகிறார். பண்ணில் ஒவ்வொரு சுரமும் தாளத்தின் மேலேயே காலூன்றுகிறது. குழல் வாத்தியங்களும் முரசும் தாங்குகின்றன. வேகம் சிறிது மாறினாலும் மக்கள் உணர்ந்துவிடுவார்கள். 1992-ல் நெகாராகூவை அணிவகுப்பு போல விரைவுபடுத்தினார்கள். பலருக்கு அது ஒட்டவில்லை. 2003-ல் வா இட்ரிஸ் இசைச் சேர்க்கை செய்து பழைய நடைக்கே திருப்பினார்கள். 1968-ஆம் ஆண்டு நாட்டுப் பண் சட்டம் இருப்பதால், இதைக் குரோன்சோங்காக மாற்றிப் பாடி வேறுபாட்டைச் சோதித்துப் பார்க்கும்படி உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

இவ்வளவும் கேட்டுக்கொண்டிருந்த பையனின் பாட்டி உள்ளேயிருந்து வந்தார். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் தேயிலைத் தோட்டத்து லயத்தில். தேயிலை கேமரன் மலைக்கு வந்ததே இலங்கையில் அந்தத் தொழில் பழகியவர்களின் கைவழியாக. 1929-ல் போ தோட்டம் தொடங்கியபோது இலங்கைத் தேயிலைத் துரை ஒருவரின் அனுபவம் துணைநின்றது. ஆள்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும்வரை கப்பல் கப்பலாக வந்தார்கள்.

"பாட்டி, உங்களுக்குத் தெரிந்த தாலாட்டு ஒன்று பாடுங்களேன்" என்றேன். வெகுநேரம் மறுத்துவிட்டுப் பாடினார். நீலாம்பரியின் சாயல் இருந்தது. ராகம் என்று பெயர் சூட்டுவது வித்துவான்களின் வேலை. அவர் பாடியது நான்கு சுரங்களுக்குள் ஆடும் தூளி. ஆனால் சொற்களில் கொழுந்துக்கூடை வந்தது, ஆயாக் கொட்டகை வந்தது, பெரட்டுக்கு நேரமாகிவிட்டது என்ற கவலை வந்தது.

"யாரிடம் கற்றீர்கள்?" என்றேன்.

"எங்க ஆத்தா பாடுனது தம்பி. அவங்க அஞ்சு வயசுல கப்பல்ல வந்தவங்க. கொழுந்துக்கூட எல்லாம் நாங்க போட்டுக்கிட்டது. ஊருல அவங்களுக்கு நெல்லுக்கதிர்தான்."

நேயர்களே, நான் இத்தனை நேரம் பாரிசு, சீஷெல்ஸ், இலண்டன் என்று சுற்றி வந்து சொன்னதை அந்த அம்மாள் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மெட்டு வந்தது, சொல் இங்கே போட்டுக்கொண்டது. நெற்கதிர் இருந்த இடத்தில் கொழுந்துக்கூடை. ஆள் தெரிகிறது, கப்பல் தெரிகிறது, தங்கிய இடம் தெரிகிறது. மெட்டைத் தேடுகிறவனுக்கு இதைவிட நல்ல சான்று எங்கே கிடைக்கும்?

ஒரு வேறுபாடு உண்டு. அரசரின் மெட்டைக் குறித்துக்கொள்ளப் பேண்டு வாத்தியத் தலைவர் ஒருவர் இருந்தார். பாட்டியின் மெட்டை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. இன்று தேயிலைக் கொழுந்தைப் பெரும்பாலும் கத்தரியாலும் இயந்திரத்தாலும் வெட்டுகிறார்கள். வேலை செய்வோரில் பலர் வங்காள தேசத்தவரும் நேபாளியரும். அந்தச் சத்தத்தில் தெம்மாங்கு பாடுவார் இல்லை. பாடினாலும் பக்கத்து நிரையில் எடுத்துப் பாட ஆளில்லை. பிள்ளையும் தூளியில் தூங்குவதில்லை. அன்றிரவு பையனின் கைத்தொலைபேசியிலேயே பாட்டியின் தாலாட்டைப் பதிவு செய்தோம். அவமானத்தைக் கொண்டு வந்த கருவிக்கு ஒரு நல்ல வேலை. முதல் முறை பாட்டி வெட்கத்தில் பாதியில் நிறுத்திவிட்டார். இரண்டாம் முறை முழுவதும் வந்தது. யார் பாடியது, யாரிடம் கற்றது, அவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், என்ன வேலை செய்யும்போது பாடுவது என்பதையும் அவன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டான். சொற்களை மட்டும் எழுதினால் போதாது என்பதை நான் வற்புறுத்தினேன். அச்சான நாட்டுப் பாடல் தொகுப்புகள் பலவற்றில் சொல் இருக்கிறது, மெட்டு போய்விட்டது. பாடத் தெரியாத புத்தகங்கள் அவை.

படுக்கப் போகுமுன் பையன் மீண்டும் வந்தான். நாட்டுப் பண்ணைப் பற்றிக் கேட்பான் என்று நினைத்தேன். அவன் கேட்டது வேறு.

"சார், அந்தத் தீவுக்கு அனுப்புன சுல்தான் என்ன ஆனாரு? திரும்பி வந்தாரா?"

வந்தார். 1894-ல் அவருக்குச் சீஷெல்சை விட்டு வர அனுமதி கிடைத்தது. ஆனால் பேராக்குக்குள் கால் வைக்க விடவில்லை. சிங்கப்பூரில் இருந்தார், பிறகு பினாங்கில் இருந்தார். கோலா கங்சாருக்குத் திரும்ப விட்டது 1922-ல். அதே ஆண்டில் காலமானார். அவர் சீஷெல்ஸ் கடற்கரையில் கேட்ட மெட்டு அதற்குள் இருபது ஆண்டுகளாகப் பேராக்கில் ஒலித்துக்கொண்டிருந்தது. அரியணையில் அவர் இல்லை. ஆனாலும் அது ஒலிக்கும்போதெல்லாம் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

பையன் சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "திங்கக்கெழம நானே எடுத்துக் குடுக்குறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனான்.